ஃபியட் வண்டியில் பியூலாவின் இடம்

மேற்குத் தாம்பரம் சர்ச் வாசலில் ஞாயிறுதோறும் ஒரு வேடிக்கை நடக்கும். ஆராதனை முடிந்ததும் ஞானையா தன்னுடைய வெளிர்நீல ஃபியட்டைக் கொண்டுவந்து வாசலுக்கு நேராக நிறுத்துவார். அவர் மனைவி ஹில்டா பின்சீட்டில் ஏறிக்கொள்வாள். மகள் சாராள் மட்டும் குழந்தை பியூலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் எதிர்ப்பக்கத்து பஸ் நிறுத்தத்தில் நிற்பாள். மருமகன் ஜெபராஜ் குடையும் பைபிள் பையுமாக அவள் பின்னால் போவார்.

எல்லாரும் போவது ஒரே வீட்டுக்குத்தான். சேலையூர் கேம்ப் ரோட்டில் இருக்கும் ஞானையா வீட்டுக்கு. ஹில்டா விடியற்காலையிலேயே அரைத்து வைத்துவிட்டு வந்த ஒரே கறிக்குழம்புக்கு. சில ஞாயிறுகளில் ரயில்வே கேட் மூடியிருக்கும். அப்போது காரும் பஸ்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பஸ் ஜன்னலிலிருந்து பியூலா கீழே பார்த்துக் கையாட்டுவாள். ஞானையாவும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து ஆட்டுவார். சாராள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

காரணம் தெரியாதவர்கள் யாரும் அந்த சபையில் இல்லை. புதிதாக வந்தவர்கள் கேட்டால் மற்றவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்.

ஞானையா குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இயந்திர பாகங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை. கோடு ஒரு மயிரிழை தடித்தாலும் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி போடுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் முன்னால், 1984இல், அந்த ஃபியட்டை இரண்டாம் கையாக வாங்கினார். தெருவில் முதல் கார் அது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போனவர்களும், மாலையும் கழுத்துமாக வீடு திரும்பின மணமக்களும் அதில்தான் போய்வந்தார்கள். காரோட்டுவதில் அவருக்கு அப்படி ஒரு பிரியம். யார் கூப்பிட்டாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

சாராளுக்கு முதலில் பிறந்தவன் ரூபன். அவனுக்கு விமானம் என்றால் உயிர். தாம்பரத்திலிருந்து பட்டணம் போகிற ஜி.எஸ்.டி. ரோடு, பல்லாவரம் தாண்டியதும் விமான நிலையத்தின் சுவரை ஒட்டிப் போகும். இறங்குகிற விமானம் சில சமயம் தலையில் இடித்துவிடும் போல அவ்வளவு தாழ்ந்து வரும். அந்த இடம் வந்தாலே ஞானையா வேகத்தைக் குறைத்துப் பேரனுக்குக் காட்டுவார். அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் இருக்கிற எந்த வீட்டிலும் இதுதான் வழக்கம். பஸ்ஸில் போகிறவர்கள்கூட பிள்ளையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார்கள்.

1989 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு சாயங்காலம். ஜெபராஜின் அம்மாவைப் பார்க்க சைதாப்பேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஜெபராஜ் முன்னாலேயே போய்விட்டிருந்தார். நாலு வயசு ரூபன் பின்சீட்டில் பாட்டியின் மேல் சாய்ந்து அரைத் தூக்கத்தில் இருந்தான்.

"அவனை இப்படி முன்னாடி குடு. ப்ளேன் வர்ற நேரம்" என்றார் ஞானையா.

ஹில்டா அவனைச் சீட்டுக்கு மேலாகத் தூக்கிக் கொடுத்தாள். சாராள் வாங்கி முன்சீட்டில் நிற்க வைத்து, சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். அவன் இரண்டு கையையும் டேஷ்போர்டில் ஊன்றிக்கொண்டு நின்றான். விமானம் வந்தது. மூன்று பேரும் மேலே பார்த்தார்கள். ஞானையாவும் பார்த்தார்.

முன்னால் போன பஸ் நிறுத்தத்தில் நின்றது. அவர் பிரேக் போட்டார். பெரிய மோதல் ஒன்றும் இல்லை. ஹெட்லைட் கண்ணாடி ஒன்று உடைந்தது, அவ்வளவுதான். பஸ்காரனுக்குத் தெரியக்கூட இல்லை. ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். ரூபனின் நெற்றி டேஷ்போர்டின் இரும்பு விளிம்பில் பட்டிருந்தது. சாராளின் கையில் சட்டையின் ஒரு பொத்தான் இருந்தது. அன்றிரவு பிள்ளை போய்விட்டான்.

யாரும் ஞானையாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சபை ஐயர் வந்து ஜெபித்தார். ஜெபராஜ் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சாராளும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை, அவருக்குச் சாப்பாடு பரிமாறுவதை நிறுத்தவில்லை. அந்த வண்டியில் ஏறுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். திட்டியிருந்தால் ஞானையா எப்படியோ தாங்கிக்கொண்டிருப்பார்.

"அந்தச் சனியனை வித்துத் தொலைங்களேன்" என்று ஹில்டா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள்.

"வித்துட்டா, வண்டி இல்லாததால பஸ்ல வர்றாங்கற மாதிரி ஆயிடும்" என்பார் அவர். "அது நிஜமில்லையே."

1992இல் பியூலா பிறந்தாள். பிறந்ததிலிருந்தே அவளுக்கு வீசிங். மழை வந்தால் நெஞ்சு பூனை மாதிரிக் கத்தும். அவளுக்கு மூன்று வயது முடிந்திருந்த ஐப்பசியில், ஒரு சனிக்கிழமை, சேலையூர் வீட்டில் இருக்கும்போதே இழுப்பு வந்துவிட்டது. வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. ஜெபராஜ் ஊரில் இல்லை. சாராள் குழந்தையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, குடையோடு கேட்டுக்கு வெளியே ஆட்டோவுக்காக நின்றாள். ஞானையா காரை எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நிறுத்தினார்.

"ஏறும்மா. சண்டை போடணும்னா நாளைக்குப் போட்டுக்கோ. இன்னிக்கு ஏறு."

"ஆட்டோ வரும்ப்பா."

"ஆட்டோவில மட்டும் என்ன வாழுது? ரெண்டு பக்கமும் திறந்து கெடக்கு. சாரல் பூரா குழந்தை மேலதான் அடிக்கும்."

"ஆட்டோ கவுந்தா ஆட்டோக்காரனைத் திட்டலாம்ப்பா" என்றாள் சாராள்.

அவர் இன்ஜினை அணைத்தார். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. குழந்தையின் நெஞ்சுச் சத்தமும் கேட்டது.

"நான் என்ன செஞ்சா இவளை இதில ஏத்துவே? சொல்லு. செய்யறேன்."

சாராள் குனிந்து காருக்குள் பார்த்தாள். ஏழு வருஷத்தில் அவள் அதற்குள் பார்த்தது அன்றுதான்.

"வண்டி திடீர்னு நின்னா இவ எங்கயும் போய் மோதாத மாதிரி ஒரு இடம் இதுக்குள்ள இருக்கா? இருந்தா சொல்லுங்க. ஏத்தறேன்."

ஆட்டோ வந்தது. தார்ப்பாய்த் திரை படபடக்க, அது கேம்ப் ரோடு திருப்பத்தில் மறையும்வரை ஞானையா நனைந்துகொண்டே நின்றார்.

மறுநாளிலிருந்து அவருக்கு வேறு யோசனையே இல்லை. முதலில் வீட்டிலிருந்த பிரம்பு நாற்காலியைக் காலைக் குட்டையாக அறுத்துப் பின்சீட்டில் வைத்து, தேங்காய்நார்க் கயிற்றால் சுற்றிக் கட்டினார். குழந்தையை வைத்துப் பார்க்க முடியுமா? ஒரு தலையணை உறையில் பியூலாவின் எடைக்கு அரிசி போட்டுத் தைத்து, அதை நாற்காலியில் உட்கார வைத்து, துணிப்பட்டை ஒன்றால் இறுக்கினார். அகரம்தென் போகிற சாலை அப்போதெல்லாம் மதிய வேளையில் ஆளரவமே இல்லாமல் கிடக்கும். அங்கே கொண்டுபோய் ஓரளவு வேகத்தில் ஓட்டிவந்து பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தினார்.

நாற்காலி கயிறோடு முன்னால் சாய்ந்தது. கால் ஒன்று முறிந்தது. மூட்டை அவர் தோளை உரசிக்கொண்டு பறந்து போய் டேஷ்போர்டில் அடித்துத் தையல் பிரிந்தது. அரிசி முன்சீட்டெல்லாம் இறைந்தது. எந்த இடத்தில் அடித்தது என்று அவர் பார்த்தார். பார்க்காமலே அது அவருக்குத் தெரியும். வண்டியைச் சாலையோரம் ஒதுக்கிவிட்டு, பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"ரேஷன் கடையில கால் கடுக்க நிக்கறது நானு. பிரேக் போட்டு இறைக்கறது நீங்களா?" என்றாள் ஹில்டா, விளக்குமாற்றோடு காருக்குள் குனிந்தபடி. பிறகு அவளும் டேஷ்போர்டைப் பார்த்தாள். அதன்பின் அரிசியைப் பற்றிப் பேசவில்லை. அந்த அரிசி சீட்டு இடுக்கிலிருந்து மாசக்கணக்கில் வந்துகொண்டிருந்தது.

அடுத்து பர்மா பஜார். ஃபாரின் சாமான் எதுவும் அங்கே கிடைக்கும் என்று சொன்னார்கள். கடைக்காரன் பூப்போட்ட மெத்தை வைத்த ஒரு பிளாஸ்டிக் கூடையை எடுத்துக் காட்டினான். "சிங்கப்பூர் ஐட்டம் சார். இதுல உக்கார வெச்சா ராக்கெட்லயே கூட்டிகினு போலாம்." ஞானையா அதன் பட்டையை இரண்டு விரலால் இழுத்தார். ஆணி கையோடு வந்துவிட்டது. "இன்னா சார், அதை ஏன் இழுக்குற? புள்ளை அப்படியா இழுக்கும்?" என்று கடைக்காரன் கோபித்துக்கொண்டான்.

உண்மையான இருக்கை அவர் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளித்தான் இருந்தது. காந்திமதி அம்மாளின் மகன் அமெரிக்காவில் இருந்தான். முந்தின வருஷம் குடும்பத்தோடு வந்தவன், குழந்தைக்காகக் கையோடு கொண்டுவந்த கார் இருக்கையைத் திரும்பும்போது பெட்டிகள் அதிகமாகிவிட்டதென்று விட்டுவிட்டுப் போயிருந்தான். காந்திமதி அம்மாள் அதில் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணிகளைக் குவித்து வைத்திருந்தாள். ஏதோ கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன ஹில்டா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். ஞானையா சட்டையைக்கூட மாற்றாமல் கிளம்பிப் போனார்.

"இதா? தாராளமா எடுத்துக்கோங்க சார். இதை வெச்சிருக்கறதுக்கு ரெண்டு பிளாஸ்டிக் கூடையை வெச்சிருக்கலாம்" என்றாள் காந்திமதி அம்மாள், துணிகளைக் கட்டிலுக்கு மாற்றிக்கொண்டே.

அவர் தரையில் மண்டியிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கனமான பிளாஸ்டிக் ஓடு. தோள் இரண்டுக்கும் மேலாக வந்து, இடுப்புப் பக்கப் பட்டையோடு கால் நடுவில் ஒரே கொக்கியில் சேருகிற வார்கள். அழுத்தினால் 'டக்'கென்று பூட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. பிஸ்கட் தூள் இடுக்கில் ஒட்டியிருந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்கக் கூடாது. இது இருந்த வண்டி அங்க எங்கயாவது மோதியிருக்கா?"

"என்ன சார் இது! என் பிள்ளைக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்கறீங்களா? அவன் லைசென்ஸ் வாங்கினப்போ அங்க வெள்ளைக்காரனே கைகுடுத்..."

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். அந்தத் தெருவில் அவளும்தானே இருந்தாள், அந்த ராத்திரி.

"ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான். கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அந்த அம்மாளே கேட்டுக்கு வந்து நின்றாள். "மோதலையாம் சார். முதல்ல சிரிச்சான். எதுக்குக் கேக்கறாருன்னான். சொன்னேன். கொஞ்ச நேரம் லைன்ல சத்தமே இல்ல. நான் கட்டாயிடுச்சுன்னு நெனச்சேன். அப்புறம் சொன்னான், ஓட்டுல எங்கயாவது கீறல் விட்டிருக்கா, வெளிச்சத்துல வெச்சுப் பாக்கச் சொல்லும்மான்னான். இன்னொண்ணும் சொன்னான். அதை வெறுமனே சீட்டு மேல வெச்சாப் பிரயோஜனமில்லையாம். வண்டியில பெல்ட் இருக்கணுமாம், அதுலதான் கட்டணுமாம்."

ஃபியட்டில் ஏது பெல்ட்? அந்தச் சமயம் புதிதாக வருகிற வண்டிகளில்தான் முன்சீட்டுக்கு மட்டும் பெல்ட் வைக்க ஆரம்பித்திருந்தார்கள். அதையும் போலீஸ்காரர் தெரிந்தால்தான் மாட்டுவார்கள். பின்சீட்டுக்கு என்று சொன்னால் சிரிப்பார்கள்.

புதுப்பேட்டையில் சிரித்தார்கள். உடைந்த வண்டிகளின் பாகங்கள் சந்து சந்தாகத் தொங்குகிற இடம் அது.

"இன்னா வண்டி சார்?"

"ஃபியட்."

"ஃபியட்டுக்கு பெல்ட்டா! அது ஓட்றதே பெர்சு. டேய், சாருக்கு ஃபியட்டுக்கு பெல்ட் ஓணுமாம்டா!" என்று கடைக்காரர் எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு கறுப்புப் பட்டையை உருவினார். "மாருதில கழட்டுனது. கிண்ணுனு கீது, புட்ச்சுப் பாரு."

ஞானையா பட்டையை வெயிலில் விரித்துப் பார்த்தார். நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு இழை பொசுங்கியது போலப் பிசிறடித்து, அகலம் குறுகியிருந்தது. ஒருவரைத் தாங்கி இழுபட்ட இடம்.

"இது அடிபட்ட வண்டியா?"

"அடிபடாத வண்டிய எவன் சார் இங்க இட்டாருவான்?"

"அதுல இருந்தவங்க?"

கடைக்காரர் அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். "பேஜார் பண்ணாத சார். உனுக்கு பெல்ட் ஓணுமா, கதை ஓணுமா?"

ஞானையா அதைச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, மவுண்ட் ரோடில் ஒரு கடையில் சொல்லி வைத்துப் புதுப் பெல்ட் வாங்கினார். அது வந்து சேரக் கிறிஸ்துமஸ் தாண்டிவிட்டது.

இனி அதைப் பொருத்த வேண்டும். பழைய கம்பெனியில் அவரோடு வேலை பார்த்த கஸ்தூரிரங்கன் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் சொந்தமாக ஒரு சின்னப் பட்டறை வைத்திருந்தார். பம்மல், அனகாபுத்தூர் வழியாகக் குண்டும் குழியுமான ரோட்டில் ஞானையா வண்டியை உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். எந்த இடத்தில் போல்ட் வர வேண்டும் என்று அவர் போட்டுக்கொண்டு வந்த வரைபடத்தைப் பார்த்ததும் கஸ்தூரிரங்கன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், நீங்க இன்னும் மாறவே இல்ல. ஒரு குழந்தை உக்கார்றதுக்கு இவ்ளோ டிராயிங்கா? நாங்கள்லாம் எங்க மாமா வண்டியில டிக்கியைத் திறந்து வெச்சு உக்காந்து வளந்தோம்."

"முதல்ல தரையைப் பாரு, கஸ்தூரி."

பின்சீட்டைக் கழற்றி, ரப்பர் பாயை விலக்கிவிட்டு, கஸ்தூரிரங்கன் ஸ்க்ரூடிரைவரைத் தகட்டில் லேசாக ஊன்றினார். அது பிடி வரை கீழே போய்விட்டது. ஓட்டை வழியாகப் பட்டறையின் தரை தெரிந்தது.

"போச்சு. அரிச்சுட்டுது சார். இதுல போல்ட் போட்டா, பெல்ட்டு, போல்ட்டு, குழந்தை மூணும் சேந்துதான் போகும்."

ஞானையா குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தார். இத்தனை வருஷமும் ஹில்டாவை அதன் மேல்தான் உட்கார வைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

"சரி பண்ண முடியுமா?"

"அரிச்சதை வெட்டி எடுத்துட்டு, அடியில கனமாத் தகடு வெச்சு வெல்ட் பண்ணணும். பண்ணலாம். ஆனா எதுக்கு சார் இவ்ளோ? அம்மா மடியில வெச்சுக்கிட்டா தீந்துச்சு. அதை விடவா சேஃப்டி?"

"மடியும் வண்டிக்குள்ளதான் இருக்கு, கஸ்தூரி. வண்டி நின்னா மடி நிக்காது."

கஸ்தூரிரங்கன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னவோ நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அப்புறம் கேலி பேசவில்லை. வெல்டிங் கண்ணாடியைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டு வண்டிக்கடியில் படுத்தார். வரைபடத்தில் இருந்ததை விடப் பெரிய தகடாகப் போட்டார்.

அரிசி மூட்டைக்கு ஹில்டா புது உறை தைத்துக் கொடுத்தாள். இந்தத் தடவை தானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். அகரம்தென் சாலையில் அவளை ஒரு புளியமரத்தடியில் இறக்கிவிட்டு, அவர் அதே வேகத்தில் வந்து அதே மாதிரி பிரேக்கை அழுத்தினார். டயர் கிறீச்சிட்டது. மூட்டை முன்பக்கம் ஒரு தரம் குனிந்து, திரும்பவும் சாய்ந்துகொண்டது. இறங்கி வந்து பின்கதவைத் திறந்து பார்த்தார். மூட்டை உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. திரும்பத் திரும்பச் செய்தார். ஒவ்வொரு தடவையும் அப்படியே இருந்தது.

"நிக்குது" என்றாள் ஹில்டா, மரத்தடியிலிருந்து வந்து.

அவர் வாரை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். இப்படி ஒன்று அமெரிக்காவில் கடைகளில் ரூபன் இருந்தபோதே இருந்திருக்கும். அங்கே யாரோ ஒரு தாத்தா போய் வாங்கி மாட்டியிருப்பார். அந்தப் பையனும் விமானம் பார்த்திருப்பான். இப்போது பதினோரு, பன்னிரண்டு வயசு... ஞானையா மேலே யோசிக்கவில்லை. கதவைச் சாத்தினார்.

சாராளுக்குச் செய்தி சொன்னவள் ஹில்டாதான். தை மாசத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் சாராள் பியூலாவோடு வந்தாள். பியூலாவை சைதாப்பேட்டையில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்தது. கார் கேட்டுக்குள் நின்றது. பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு ஞானையா ஒதுங்கி நின்றார்.

சாராள் கைப்பையை ஹில்டாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஏறினாள். இருக்கையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தாள். முழங்காலை அதன் மேல் அழுத்தி, பெல்ட்டைத் தன் முழு பலத்தோடு இழுத்தாள். பாயைத் தூக்கித் தகட்டைப் பார்த்தாள். கொக்கியைப் பூட்டித் திறந்து பூட்டினாள். கேள்விகள் கேட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் ஆபீஸில் பதில் சொல்வது போலச் சொன்னார்.

"பிரேக் போட்டுப் பாத்தீங்களாமே. எவ்ளோ ஸ்பீடுல?"

"நாப்பதுல."

"அன்னிக்கு எவ்ளோ?"

ஹில்டா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள். அந்த நாளைப் பற்றி அந்த வீட்டில் எழுந்த முதல் கேள்வி அது.

"அதுக்கும் கம்மி" என்றார் ஞானையா. "முப்பதுகூட இருக்காது. பிரேக் போடறது மட்டும்தான் நான் பாத்திருக்கேன்மா. மோதிப் பாக்க முடியாது. அதையும் சொல்லிடறேன். எதிர்ல ஒரு லாரி வந்து மோதினா இது தாங்குமான்னு எனக்குத் தெரியாது."

சாராள் இருக்கையின் வாரைக் கையில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள்.

"நீங்க மேல பாத்தீங்கப்பா. நானும் பாத்தேன். சட்டைதானே பிடிச்சிருந்தேன். இடுப்பைப் பிடிச்சிருக்கணும்." அவள் குரல் உடையவில்லை. அப்படி எத்தனையோ தரம் தனக்குள்ளே சொல்லித் தேய்ந்துபோன குரலாக இருந்தது. "அதை உங்ககிட்ட சொல்ல முடியல. சொன்னா நீங்க, 'இல்லம்மா, உன் தப்பு இல்ல'ம்பீங்க. அதைக் கேக்க எனக்குப் பிடிக்கல."

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"தாத்தா, இது ஏரோப்ளேன் சீட்டா?" என்று பியூலா அவர் காலைப் பிடித்து இழுத்தாள்.

சாராள் அவளைத் தூக்கி உட்கார வைத்து, வார்களை மாட்டி, விரலை நுழைத்து இறுக்கம் பார்த்தாள். பிறகு இறங்கி வந்து அப்பாவின் எதிரில் கையை நீட்டினாள்.

"சீட்டு சரியா இருக்குப்பா. சாவியக் குடுங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை.

"லைசென்ஸ் வந்துடுச்சு. அந்த மழைக்கு அப்புறம்தான் சேந்தேன், குரோம்பேட்டையில டிரைவிங் ஸ்கூல்ல. காலையில பாடம் எடுக்க ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி. அவருக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்."

ஞானையா ஹில்டாவைப் பார்த்தார். ஹில்டா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் மெதுவா ஓட்டுவேனே" என்றார். "இப்பல்லாம் நான் ரொம்ப மெதுவாத்தான்..."

"தெரியும்ப்பா. உங்க வண்டிக்குப் பக்கத்திலதானே பஸ்ல வர்றேன் நான். எல்லாம் பாத்திருக்கேன்." அவள் கையை இறக்கவில்லை. "நீங்க ஓட்டி, இவ பின்னாடி உக்காந்தா, நான் மூச்சுவிட மாட்டேன். சைதாப்பேட்டை வரைக்கும் மூச்சுவிடாம வர முடியாதுப்பா."

அவர் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்தார். கைக்குட்டையால் துடைத்தார், துடைக்க ஒன்றுமில்லை. கொடுத்தார்.

பின்சீட்டில் பியூலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த வண்டியின் பின்சீட்டில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சாராள் கண்ணாடியைச் சரிசெய்தாள், கியரை ஒரு முறை தவறாகப் போட்டாள். வண்டி குலுங்கி நின்றது. அவர் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். அவள் மறுபடி கிளப்பினாள். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஜி.எஸ்.டி. ரோடு போய்க்கொண்டேயிருந்தது. நன்றாகத்தான் ஓட்டினாள். அவரை விட நன்றாகவே ஓட்டினாள்.

விமான நிலையத்துச் சுவர் தொடங்கியது. முன்னால் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. சாராள் தூரம் விட்டாள். மேலே சத்தம் கேட்டது.

"தாத்தா, ப்ளேன்! தாத்தா, மேல பாரு, மேல பாரு!"

பியூலா வார்களுக்குள் நெளிந்து, ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டினாள். வண்டிக்கு மேலே நிழல் ஒன்று வேகமாகக் கடந்து போனது. ஞானையா மகளின் தோளுக்கு மேலாகப் பஸ்ஸின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே பிரேக் இல்லை, கஸ்தூரிரங்கன் போட்ட தகடுதான் இருந்தது.

"பாத்தியா தாத்தா?"

"பாத்தேன்டா கண்ணு" என்றார்.

கண்ணாடியில் சாராளின் கண்கள் ஒரு கணம் அவர் மேல் பட்டன. உடனே ரோட்டுக்குத் திரும்பின.

டாக்டரைப் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்பினார்கள். சேலையூரில் கேட்டுக்கு வெளியே வண்டி நின்றது. இறங்கினவர் கேட்டைத் திறக்கப் போனார். "வேணாம்ப்பா. வண்டி எங்க வீட்டிலயே இருக்கட்டும். ராத்திரி இவளுக்கு ஏதாவதுன்னா..." என்றாள் சாராள், இன்ஜினை அணைக்காமலே. "ஞாயித்துக்கிழமை இங்க வந்து உங்களையும் அம்மாவையும் சர்ச்சுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"சரிம்மா" என்றார் அவர்.

பியூலா பின்சீட்டிலிருந்து கையாட்டினாள். ஹில்டா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். வண்டி கேம்ப் ரோடு திருப்பத்தில் மறைந்தது. வெறுமையான நிறுத்துமிடத்தில், இத்தனை வருஷமாக எண்ணெய் சொட்டிக் கறுத்துப்போன தரையைப் பார்த்துக்கொண்டு ஞானையா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

அதற்குப் பிறகு அவர் எந்த வண்டியும் ஓட்டவில்லை.